சத்தியம்னு ஒரு ஃபோல்டர்

வந்துட்டீங்களா எல்லாரும்? உக்காருங்க. டீ எடுத்துக்கங்க. குடிச்ச கிளாஸைக் கண்ட எடத்துல வைக்காம இந்தத் தட்டு மேலயே வைங்க. போன தடவை உங்கள்ல ஒருத்தன் ஜன்னல் மேல வச்சுட்டுப் போயிட்டான், எறும்பு குடும்பத்தோட குடி வந்துருச்சு. கிளாஸ் மேல என்னடா இவ்ளோ அக்கறைன்னு பாக்கறீங்களா? கடைசில சொல்றேன். உங்க மூஞ்சியெல்லாம் பாத்தா கடைசி வரைக்கும் தாங்கும்னு தோணல. இருந்தாலும் சொல்றேன்.

கதை நம்ம பாதியப் பத்தி. யாருன்னு கேக்காதீங்க. எனக்கு ரொம்ப வேண்டப்பட்டவன். அதுக்கு மேல தோண்டினா டீயைத் திருப்பி வாங்கிடுவேன்.

பாதிங்கறது பட்டப்பேரு. காலேஜ்ல மூணு வருஷப் படிப்பை ஒன்றரை வருஷத்துல விட்டான். கிடார் கத்துக்கிட்டான், மூணு கம்பி வரைக்கும். நீச்சல் கத்துக்கிட்டான், நடுக்குளம் வரைக்கும். திரும்பி வர்றதுக்கு ஆள் விட்டு இழுத்தாங்க. வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கறேன்னு ஆரம்பிச்சு ஹால்ல இடுப்பு உயரத்துக்கு நீலம் அடிச்சான், அப்புறம் டப்பாவை மூடினான். சுவரைப் பாக்காதீங்க, என்னைப் பாருங்க. ஏழு வேலை மாத்திட்டு இப்ப ஒரு ஸ்டிக்கர் கடையில இருக்கான். வண்டிக் கண்ணாடிக்கும் கடைக் கதவுக்கும் எழுத்து வெட்டி ஒட்டற வேலை. அது மட்டும் நிலைச்சுது. ஏன்னா ஒரு ஸ்டிக்கர் பத்து நிமிஷத்துல முடிஞ்சுரும், பாதில விடறதுக்கு அவகாசமே இல்ல.

வாய் மட்டும் முழுசு.

அவன் பொண்டாட்டிக்கு ஆஸ்பத்திரியில ரெக்கார்டு ரூம்ல வேலை. கூரை வரைக்கும் இரும்பு ரேக்கு, ரேக்கு நிறைய நோயாளிங்க ஃபைலு. ஒரு லட்சம் ஃபைலுக்கு நடுவுல கண்ண மூடிட்டு நடந்து கரெக்டா ஒண்ணை உருவிட்டு வருவா. அந்த ரூம்ல ஒரு வழக்கம் உண்டு. டாக்டர் கேட்டாருன்னு ரேக்குலருந்து ஒரு ஃபைலை எடுத்தா, அந்த எடத்தைச் சும்மா விடக்கூடாது. அங்க ஒரு மஞ்ச அட்டை சொருகணும். எடுத்தது என்ன, எடுத்தது யாரு, எங்க போயிருக்கு, என்னிக்கு. அட்டை இருந்தா ஃபைல் தொலையல, வெளிய போயிருக்குன்னு அர்த்தம்.

நல்ல வழக்கம்தான். அதை வீட்டுக்கும் கொண்டு வந்துட்டா, அதான் பிரச்சினை.

கத்திரிக்கோல் மாட்டற ஆணில பாத்தா கத்திரிக்கோல் இருக்காது, மஞ்ச அட்டை தொங்கும்: 'கத்திரி. தையல் மெஷின் மேல. எடுத்தது நான். செவ்வாய்.' பாதி ஒரு நாள் ஃப்ரிட்ஜைத் திறந்தா பால் இருக்கற எடத்துல அட்டை: 'கடைசி பால். காபிக்குப் போச்சு. எடுத்தது நீங்க. நீங்க எழுத மாட்டீங்கன்னு நானே எழுதிட்டேன்.'

இந்த மாதிரி ஒருத்தியோட குடித்தனம் பண்றவன் ஒரு காலத்துலயும் செய்யக்கூடாத காரியம் ஒண்ணு இருக்கு. எதையாவது ஒளிக்கறது. பாதி அதைத்தான் செஞ்சான்.

என்னத்தை ஒளிச்சான்? ஒரு வீடியோவை.

ரெண்டு மாசம் முன்னாடி ஒரு சாயங்காலம், பாப்பா முதல் தடவையா நடந்துச்சு. பத்து மாசக் குழந்தை. சோஃபாவைப் பிடிச்சுட்டு நின்னது திடீர்னு கைய விட்டுச்சு. நாலு அடி. அஞ்சாவது அடில அப்பன் மடியில விழுந்துச்சு. பாதிக்கு சந்தோஷம் தலைக்கு ஏறிருச்சு. பாப்பாவைத் தூக்கித் தோள்ல வச்சுட்டு, ஒரு கைய ஓங்கி, ஊரே கேக்கற மாதிரி சத்தியம் பண்ணான்: "என் பொண்ணு நடந்துட்டா. இனிமே இந்த வீட்டுல விழற அத்தனை பாத்திரமும் நான்தான் கழுவுவேன். என் ஆயுசு முழுக்க."

யாரும் கேக்கல. யாரும் எதிர்பாக்கல. பாப்பா நடந்ததுக்கும் பாத்திரத்துக்கும் என்னடா சம்பந்தம்னு இன்னி வரைக்கும் அவனுக்கே தெரியாது.

விதி என்னன்னா, பொண்டாட்டி ஃபோன்ல அவன் மாமியார் வீடியோ எடுத்துட்டு இருந்தாங்க. பாதித் திரையில அவங்க கட்டை விரல், மீதித் திரையில மாப்பிள்ளையோட சத்தியம்.

ஒன்பது நாள் கழுவினான். பத்தாவது நாள் முதுகு வலிச்சுது. பதினோராவது நாள் கை விரல்ல ஏதோ அரிப்பு. பன்னெண்டாவது நாள் காரணம் சொல்றதையே விட்டுட்டான். உடனே அவ கம்ப்யூட்டர் முன்னாடி உக்காருவா, 'சத்தியம்'னு பேரு வச்ச ஃபோல்டரைத் திறப்பா, வீடியோவை ஓட விடுவா. முதல்லருந்து இல்ல. நேரா அவன் கைய ஓங்கற எடத்துலருந்து. "என் ஆயுசு முழுக்க"ன்னு அவன் குரலே ஹால்ல கேக்கும். அவன் எந்திரிச்சுப் போய்க் கழுவுவான். வாரத்துக்கு மூணு ஷோ.

அவ ஃபோனை மாத்தினப்ப பழைய ஃபோன் கடைக்காரன்கிட்டப் போயிருச்சு. அப்ப வீடியோ இருக்கறது கம்ப்யூட்டர்ல மட்டும்தான். பாதிக்குப் பொறி தட்டிருச்சு.

ஒரு வெள்ளிக்கிழமை காலைல, டீயை ஆத்திக்கிட்டே, ரொம்ப சாதாரணமாக் கேட்டான்: "ஏம்மா, அந்த வீடியோ வேற எங்கயாவது இருக்கா?"

"எந்த வீடியோ?"

"அதான், அந்த இது. சும்மாதான் கேட்டேன்."

"கம்ப்யூட்டர்ல மட்டும்தாங்க."

"சரி சரி. சும்மாதான் கேட்டேன்."

"ரெண்டு தடவை சும்மா கேட்டுட்டீங்க"ன்னு சொல்லிட்டு அவ வேலைக்குக் கிளம்பிட்டா.

மறுநாள் சனிக்கிழமை. அவ பாப்பாவைத் தூக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிருந்தா. பாதி கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தான். 'சத்தியம்' ஃபோல்டர் கண்ணு முன்னாடி இருக்கு. திறந்து பாக்கல. தன் முகத்தைத் தானே பாத்துக்கிட்டு அழிக்கற அளவுக்கு அவன் கல் நெஞ்சக்காரன் இல்ல. ஃபோல்டரை அப்படியே பிடிச்சு, குப்பைத்தொட்டிக்குக் கூடப் போகாம நேரா அழியற மாதிரி, ரெண்டு பட்டனைச் சேத்து அமுக்கினான். 'நிரந்தரமாக அழிக்கவா?'ன்னு கேட்டுச்சு. அவன் வாழ்க்கையில எதையும் நிரந்தரமாச் செஞ்சதில்ல. ஒரு தடவை செஞ்சு பாக்கலாமேன்னு ஆமான்னுட்டான்.

ஞாயித்துக்கிழமை சாப்பிட்டு முடிச்சு, தட்டைத் தொட்டியில போட்டுட்டு, சோஃபால காலை நீட்டிப் படுத்தான். முதுகு வலி இல்ல, அரிப்பு இல்ல. ராஜா மாதிரி படுத்திருந்தான்.

"என்னங்க, பாத்திரம்?"

"பாத்திரம்தான். நல்லாத் தெரியுது."

"வீடியோ போடட்டுமா?"

"போடேன்."

அவ போடல. பாப்பாவோட சட்டையை மடிச்சுக்கிட்டே சொன்னா: "வேணாம், அடுத்த ஞாயித்துக்கிழமை பாப்பாவுக்கு ஒரு வயசு. எல்லாரும் வராங்க. டிவில போட்டுக் காட்டலாம்."

"எதுக்கு? நான் சத்தியம் பண்ணத ஊருக்கே காட்டவா?"

"உங்க சத்தியத்த யாருங்க பாக்கப் போறா? பாப்பா முதல் முதல்ல நடந்தது அதுலதானே இருக்கு. முதல் ஒரு நிமிஷம் முழுக்க அவதான்."

நண்பர்களே, அந்த இடத்துல பாதி எப்படி இருந்தான்னு சொல்றதுக்கு என்கிட்ட வார்த்தை இல்ல. என்கிட்டயே இல்லன்னா பாத்துக்கங்க. வாரம் மூணு தடவை அந்த வீடியோவைப் பாத்தவன், ஒரு தடவை கூட முதல்லருந்து பாக்கல. அவனுக்குத் தெரிஞ்சது அதுலயும் பாதிதான். தன்னோட சத்தியத்தை அழிக்கப் போய், பொண்ணு வச்ச முதல் நாலு அடியையும் சேத்து அழிச்சுட்டான்.

எந்திரிச்சான். நேரா அடுக்களைக்குப் போனான். அத்தனை பாத்திரத்தையும் கழுவினான். கழுவின பாத்திரத்தையும் இன்னொரு தடவை கழுவினான்.

"உடம்பு சரியில்லயா?"ன்னு கேட்டா அவ.

அடுத்த நாள் விடிஞ்சதும் ஆரம்பிச்சான் படிப்பை. காலேஜ்ல படிச்சிருந்தா முதல் ரேங்க் வந்திருப்பான், அப்படி ஒரு படிப்பு. முதல் வேலையா, 'அழிந்ததை மீட்பது எப்படி'ன்னு ஒரு வாத்தியார் ரெண்டு மணி நேரம் பேசற வீடியோவை வீட்டுக் கம்ப்யூட்டர்ல இறக்கினான். முழுசா இறங்கினதும் போட்டான். வாத்தியார் வணக்கம் சொன்னார், தொண்டையைக் கனைச்சார், சொன்னார்: "நண்பர்களே, முதல் விதி. ஃபைல் தொலைஞ்ச டிஸ்க்ல புதுசா எதையும் இறக்கிடாதீங்க. இந்த வீடியோவையும் சேத்துத்தான் சொல்றேன்."

பாதி கம்ப்யூட்டரோட வயரையே பிடுங்கிட்டான்.

அதுக்கப்புறம் ஃபோன்லயே படிச்சான். படிக்கப் படிக்க வாயைப் பொளந்துட்டான். விஷயம் என்னன்னா, டிஸ்க்ல முன்பக்கம் ஒரு பெரிய அட்டவணை இருக்கு. எந்த ஃபைலுக்கு என்ன பேரு, எந்தெந்தக் கட்டத்துல கிடக்குன்னு அதுல எழுதியிருக்கும். நாம அழிச்சுட்டோம்னு நெனைக்கறப்ப கம்ப்யூட்டர் ஃபைலைத் தொடறதே இல்ல. அட்டவணையில 'இந்த எடம் காலி'ன்னு ஒரு குறிப்பு வைக்கும், அவ்ளோதான். வீட்டு வாசல்ல பேரு எழுதின பலகையைக் கழட்டின மாதிரி. உள்ள ஆளு பாட்டுக்குத் தூங்கிட்டு இருப்பான். புதுசா ஒருத்தன் பெட்டி படுக்கையோட வந்து அந்த எடத்துல உக்கார்ற வரைக்கும் பழைய ஆளு அங்கதான்.

அதாவது, பாப்பா இன்னும் அங்கதான் இருக்கு. புதுசா யாரும் வந்து உக்காரலன்னா. ஆனா ரெண்டு மணி நேர வாத்தியார் வந்து உக்காந்துட்டாரே. அவரு எங்க உக்காந்தாரு? நாற்காலியிலயா, பாப்பா மேலயா?

டிஸ்க்கைக் கழட்டிக் கடைக்குக் கொண்டு போயிடணும், அங்க இன்னொரு கம்ப்யூட்டர்ல மாட்டி, எதையும் எழுதாமப் படிக்க மட்டும் செய்யணும். பொண்டாட்டிகிட்ட, "கம்ப்யூட்டர் ஃபேன் சத்தம் போடுது, கடையில வச்சுப் பாக்கறேன்"னு சொல்லிட்டு டிஸ்க்கை உருவிட்டுப் போனான். சாயங்காலம் வந்து பாத்தா கம்ப்யூட்டர் மேல மஞ்ச அட்டை: 'ஹார்ட் டிஸ்க். ஸ்டிக்கர் கடைக்குப் போயிருக்கு. எடுத்தது நீங்க. திங்கள். காரணம்: ஃபேன் சத்தமாம்.'

அந்த 'மாம்' அவனைத் தூங்க விடல.

அன்னிக்கு சாயங்காலம் பாத்திரம் கழுவிட்டு இருந்தான். ஒரு கையில ஸ்பாஞ்சு, குழாய்க்குப் பக்கத்துல ஃபோன், ஃபோன்ல அட்டவணைப் பாடம். அவ வந்து எட்டிப் பாத்தா.

"என்ன படிக்கறீங்க?"

"கடையில ஒரு கஸ்டமர். பாவம். முக்கியமான ஃபைல் ஒண்ணு அழிஞ்சு போச்சாம். மீட்டுத் தரேன்னு சொல்லிட்டேன்."

"அழிஞ்சு போச்சா, அழிச்சாரா?"

"கை தவறிப் பட்டுருச்சாம்."

"குப்பைத்தொட்டியில இருக்குமே?"

"அதுலயும் இல்ல. நேரா அழிஞ்சிருச்சு."

"அதுக்கு ரெண்டு பட்டனைச் சேத்து அமுக்கணுமேங்க. ரெண்டு கையும் ஒரே நேரத்துலயா தவறிச்சு?"

"பாவம்மா அந்த ஆளு. ரொம்ப அப்பாவி."

"பாத்தாலே தெரியுமா?"

"தெரியும். நல்ல களையான முகம்."

அவ சிரிப்பை அடக்கிட்டாளா, இருமினாளான்னு பாதிக்குப் புரியல. பேச்சை மாத்தறதுக்காக, படிச்ச பாடத்தை ஒப்பிச்சான். அட்டவணை, கட்டம், பலகை, தூங்கற ஆளு, எல்லாம். சோப்பு நுரையில தொட்டி மேல கட்டம் போட்டே காமிச்சான். முகத்துல ஒரு பெருமை. பத்து நிமிஷம் கேட்டுட்டு அவ சொன்னா:

"இது எங்க ரூம்ல பண்றதுதானே."

"எது?"

"பத்து வருஷமா வராத நோயாளி பேரை ரெஜிஸ்டர்ல அடிச்சிடுவோம். ஃபைலைக் கிழிக்க மாட்டோம். ரேக்குல அப்படியே கிடக்கும். புது ஆளு வந்து எடம் வேணும்னாத்தான் பழசை எடுத்துப் போடுவோம். இதுக்கா காலைலருந்து தலைய சொறிஞ்சுட்டு இருக்கீங்க?"

ஒரு நாள் படிப்பு ரெண்டு வரியில முடிஞ்சுது.

"ஆனா ஒண்ணுங்க. ஃபைலைக் காணோம்னு பதறிக்கிட்டு வர்றவங்க என்ன பண்ணுவாங்க தெரியுமா? ரேக்கையே கவுத்துருவாங்க. அந்த எடத்துல என்ன இருக்குன்னு மட்டும் பாக்க மாட்டாங்க. உங்க கஸ்டமர்கிட்டச் சொல்லுங்க."

"சொல்றேன் சொல்றேன்"னான். சொல்லணும்னா யார்கிட்டச் சொல்லணும், அவன்கிட்டத்தானே. அவன்தான் காதுல வாங்கலயே.

செவ்வாய்க்கிழமை கடையில சாப்பாட்டு நேரம். எல்லாரும் சாப்பிடப் போக, பாதி மீட்கற சாஃப்ட்வேரை ஓட விட்டான். அது அட்டவணையை மேலருந்து கீழ வரைக்கும் தடவிட்டு வந்து சொல்லுச்சு: 'சத்தியம். அழிக்கப்பட்ட ஃபோல்டர். நிலை: நன்று.' பாதி நாற்காலியிலருந்து எந்திரிச்சுட்டான். உள்ள போனான். உள்ள ஒரே ஒரு ஃபைல். அளவு ஒரு கேபி.

உக்காந்துட்டான். வீடியோ நானூறு எம்பி இருக்கணும். ஒரு கேபின்னா, யானை இருந்த எடத்துல அதோட வால் முடி ஒண்ணு கிடக்கற மாதிரி. அவனுக்கு எல்லாம் விளங்கிப் போச்சு. வாத்தியார் பாப்பா மேலதான் உக்காந்திருக்காரு. இது மென்னு துப்பின மிச்சம்.

அன்னிக்கு சாயங்காலம் பாத்து மாமியார் ஃபோன் பண்ணாங்க.

"மாப்பிள்ளை, நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன் அத்தை."

"ஞாயித்துக்கிழமை அந்த வீடியோ போடறீங்களாமே. நான் எடுத்தது. இங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். என் தங்கச்சி பஸ் புடிச்சு வரா, அதப் பாக்கறதுக்குன்னே."

"அதுல உங்க விரல்தான் அத்தை நிறையத் தெரியும்."

"இருக்கட்டும் மாப்பிள்ளை. விரலுக்கு அந்தப் பக்கம் என் பேத்தி இருக்கா இல்ல?"

ஃபோனை வச்சுட்டு பாப்பாவைப் பாத்தான். அது இப்பல்லாம் நடக்கறதே இல்ல, ஓடுது. ரிமோட்டைத் தூக்கிட்டு ஓடி வந்து அவன் கால்ல இடிச்சுச்சு. நீ ஆயிரம் அடி வைப்ப, ஆனா அந்த முதல் நாலை உங்கப்பன் தின்னுட்டான்டின்னு நெனைச்சான். அன்னிக்குக் கழுவ எதுவும் மிச்சமில்ல. அடுப்பைக் கழுவினான்.

இனிமே இருக்கறது ஒரே வழி. அட்டவணையை நம்பாம, டிஸ்க்கோட ஒவ்வொரு கட்டமா மூஞ்சியைப் பாத்துப் பாத்து, இது படமா, பாட்டா, வீடியோவான்னு சாஃப்ட்வேர் பொறுக்கி எடுக்கும். அதான் அவ சொன்னாளே, ரேக்கைக் கவுக்கறது. கவுத்தான். புதன்கிழமை முழுக்க ஓடுச்சு. வியாழக்கிழமை வந்து பாத்தா மூவாயிரத்தி இருநூறு ஃபைலு. ஒண்ணுக்கும் பேரு இல்ல, நம்பர்தான். பேரெல்லாம் அட்டவணையோட போயிருச்சு. ஒண்ணொண்ணாத் திறந்துதான் பாக்கணும்.

பாத்தான். ஒரு வண்டிக்கு ஸ்டிக்கர் வெட்டறது, அஞ்சு ஃபைல் பாக்கறது, மறுபடி வெட்டறது. வெள்ளிக்கிழமை ஒரு ஸ்கூல் வேனுக்கு 'பாதுகாப்பாகச் செல்வோம்'னு வெட்ட வேண்டியது, 'பாதுகாப்பாக அழிப்போம்'னு வெட்டிட்டான். ஓனர் பாத்ததுனால பொழைச்சாங்க குழந்தைங்க.

அந்த மூவாயிரத்துலயும் வாத்தியார் நிறைய இருந்தாரு. அவரு போக மிச்சமெல்லாம் வீட்டுப் படம், எப்பவோ அழிச்ச படம். பாப்பா தண்ணித் தொட்டியில, பாப்பா அலமாரிக்குள்ள, பொண்டாட்டி காதுல பேனாவைச் சொருகிட்டே தூங்கறது, இடுப்பு உயரத்துக்கு நீலம் அடிச்ச அன்னிக்கு மூக்குல பெயிண்ட்டோட இவன். பாத்துப் பாத்துத் தனியாச் சிரிச்சுக்கிட்டான். ஓனர் ரெண்டு தடவை வந்து, "தம்பி, லீவு வேணுமா?"ன்னு கேட்டுட்டுப் போனாரு. ஒரு விஷயம் மட்டும் உறுத்துச்சு. அடுக்களையில எடுத்த படம் அறுபது எழுபது இருக்கும். எல்லாத்துலயும் தொட்டி நிறையப் பாத்திரம், முன்னாடி அவ முதுகு. ஒரு படத்துல கூட அவன் இல்ல.

சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள கடைசி நம்பர் வரைக்கும் பாத்து முடிச்சான். வீடியோ இல்ல. வாழ்க்கையில முதல் தடவையா ஒரு வேலையை முழுசா முடிச்சிருக்கான், முடிஞ்சதும் கையில ஒண்ணும் இல்ல.

டிஸ்க்கைக் கழட்டப் போனான். அப்பத்தான் அந்த ஒரு கேபி ஞாபகம் வந்துச்சு. சரி, மிச்சம்னாலும் பாப்பாவோட மிச்சம்தானே. ஒரு கால் விரலாவது தெரியாதான்னு திறந்தான்.

படம் இல்ல. எழுத்து.

'மஞ்ச அட்டை.
பொருள்: பாப்பா நடந்தது, நீங்க சத்தியம் பண்ணது. ஒரே வீடியோ.
எடுத்தது: நான்.
போன எடம்: பென் டிரைவ். கம்ப்யூட்டருக்கு மேல ஆணியில தொங்கற என் கைப்பை, உள் ஜிப்.
தேதி: வெள்ளி, சாயங்காலம்.
காரணம்: காலைல நீங்க சும்மா கேட்டீங்க. நீங்க சும்மா எதையும் கேக்க மாட்டீங்க.
குறிப்பு: அழிக்கறதுக்கு முன்னாடி ஃபோல்டரைத் திறந்து இதைப் படிச்சிருந்தா, சந்தோஷம். அழிச்சதுக்கு அப்புறம் படிக்கறீங்கன்னா, பாத்திரம்.'

பாதி அந்த அட்டையை நாலு தடவை படிச்சான். அவன் அழிச்சது வீடியோவையே இல்ல. அட்டையை. ஏழு நாளு தலைகீழா நின்னு மீட்டதும் அந்த அட்டையத்தான். வாத்தியார் பாவம், அவரு யார் மேலயும் உக்காரல.

அப்புறம் சிரிச்சான் பாருங்க. வயித்தப் பிடிச்சுக்கிட்டு, நாற்காலியோட சேந்து சுத்திக்கிட்டு. பாப்பா இருக்கு, நாலு அடியும் இருக்கு. அது போதும். ஓனர், "போ தம்பி, திங்கக்கிழமை வந்தாப் போதும்"னு அனுப்பிட்டாரு.

இதோட நிறுத்தியிருந்தா அவன் மனுஷன். வர்ற வழியிலயே மூளை வேலை செய்ய ஆரம்பிச்சுது. இந்த ஒரு வாரத்துல வீடியோவைப் பத்தி அவனுக்குத் தெரியாதது இல்ல. பென் டிரைவை எடுக்க வேண்டியது. முதல் ஒரு நிமிஷத்தை வச்சுக்கிட்டு, சத்தியம் பண்ற எடத்துலருந்து வெட்டி எறிய வேண்டியது. பொண்ணும் இருப்பா, பாத்திரமும் போயிரும். ஸ்டிக்கர் கடைக்காரனுக்கு வெட்டத் தெரியாதா?

வீட்டுக்கு வந்தான். பொண்டாட்டி உள்ள பாப்பாவைக் குளிப்பாட்டற சத்தம் கேட்டுச்சு. பூனை மாதிரி நடந்து, கம்ப்யூட்டருக்கு மேல தொங்கற கைப்பையைத் தொட்டான். ஏழு நாளா அவன் தலைக்கு ஒரு முழம் மேல தொங்கின கைப்பை. உள் ஜிப்பைத் திறந்தான். விரலை விட்டான்.

வழுவழுன்னு ஒரு அட்டை.

'பென் டிரைவ். டிவியில சொருகியாச்சு. எடுத்தது நான். சனி. வெட்டற வேலையெல்லாம் கடையோட வச்சுக்கங்க.'

"உங்க கஸ்டமருக்கு ஃபைல் கிடைச்சுருச்சாங்க?"

திரும்பினான். துண்டுல சுத்தின பாப்பாவோட கதவுல சாஞ்சு நின்னுட்டு இருந்தா.

"கிடைச்சுது."

"சந்தோஷப்பட்டாரா?"

"ரொம்ப."

"களையான முகம்னு சொன்னீங்களே, இப்ப எப்படி இருக்கு?"

பாதி கைப்பையை ஆணியில மாட்டினான். "கஸ்டமர் நான்தான்"னான்.

"அப்படியா?"

"எப்பத் தெரியும் உனக்கு?"

"ஞாயித்துக்கிழமை வீடியோ போடட்டுமான்னு கேட்டேன் இல்ல. எப்பவும் ஓடிப் போய்க் கழுவுவீங்க. அன்னிக்கு 'போடேன்'னீங்க."

"அப்பவே சொல்லியிருக்கலாம் இல்ல? ஏழு நாளு செத்துப் பொழைச்சேன்."

"சொல்லியிருக்கலாம்தான். ஆனா ஏழு நாளு அடுப்பு வரைக்கும் பளபளன்னு இருந்துச்சு. அதுவும் போக, நீங்க ஒண்ணை முழுசா முடிச்சு நான் பாத்ததே இல்லங்க. நடுவுல நிறுத்த மனசு வரல."

திட்டினாளா, பாராட்டினாளான்னு அவனுக்கு இன்னும் புரியல. பாப்பா துண்டுலருந்து ஒரு கைய வெளிய எடுத்து அவன் மூக்கைப் பிடிச்சு இழுத்துச்சு. அதுக்கு என்ன அர்த்தம்னு நல்லாப் புரிஞ்சுது.

ஞாயித்துக்கிழமை ஹால் நிறையச் சனம். டிவியில முதல்ல ஒரு கட்டை விரல் வந்துச்சு. "அது நான்தான்"னு மாமியார் தங்கச்சிகிட்டச் சொன்னாங்க. விரலுக்கு அந்தப் பக்கம் பாப்பா சோஃபாவை விட்டுச்சு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. பாதி அன்னிக்குத்தான் அதை முதல்லருந்து பாக்கறான். கண்ணுல ஏதோ விழுந்துருச்சுன்னான். யாரும் நம்பல. நிஜப் பாப்பா ஓடிப் போய் டிவியில இருக்கற பாப்பாவைத் தட்டிக் குடுத்துச்சு.

கை தட்டறாங்க, சிரிக்கறாங்க, வீடியோவை நிறுத்த யாருக்கும் தோணல. டிவியில இருக்கற பாதி கைய ஓங்கினான். "இந்த வீட்டுல விழற அத்தனை பாத்திரமும் நான்தான் கழுவுவேன். என் ஆயுசு முழுக்க."

ஹால் மொத்தமும் திரும்பி சோஃபால இருக்கற பாதியப் பாத்துச்சு. அப்புறம் அத்தனை பேரும் ஒரே நேரத்துல கையில இருந்த காலி கிளாஸைப் பாத்தாங்க.

முப்பத்தி ஒரு கிளாஸு. எண்ணிட்டேதான் கழுவினான்.

அவ்ளோதான் கதை. என்னடா எல்லாரும் மறுபடியும் சுவரையே பாக்கறீங்க? ஆமா, நீலம். ஆமா, இடுப்பு உயரம். சரி, போதும் சிரிச்சது. ஏழு நாளைக்கு அப்புறம் அவன் ஒத்துக்கிட்ட மாதிரி நானும் ஒத்துக்கறேன். பாதி நான்தான். அழிச்சதும் நான்தான், திறந்து பாக்காம அழிச்சதும் நான்தான், மாட்டினதுக்கு அப்புறமும் வெட்டப் போனதும் நான்தான்.

கிளாஸை இப்படிக் குடுங்க.